படித்தது ஒன்று, பார்த்த வேலை ஒன்று!

டிராம்பேயில் வேலை கற்ற என்ஜினீயர் எம்.ஆர்.சீனிவாசன் வாழ்க்கை சொல்லும் பாடம்

தாராவி 90 அடி சாலையில் மாலை நேரத்தில் டீக்கடைப் பக்கம் நின்றால், இப்படி ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும்.

"என்ன அண்ணாச்சி, மவன் படிப்பு முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு தம்பி. மெக்கானிக்கல் என்ஜினீயரிங் படிச்சான். இப்ப ஒரு ஆபீசுல கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்கான். படிச்சதுக்கும் பாக்குற வேலைக்கும் சம்பந்தமே இல்லங்கான். நாலு வருசப் படிப்பு ஆத்துல கரைச்ச புளியாப் போச்சு!"

மாதுங்காவிலும் செம்பூரிலும் இதே கவலை வேறு விதமாகக் கேட்கும். தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு தாதர் ரெயில் நிலையத்தில் வந்து இறங்கியவர்கள் பலர் இன்று தாத்தாக்கள். "முப்பத்தைந்து வருஷம் ஆபீசில் குப்பை கொட்டினேன். என்ன கற்றேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை" என்று அவர்கள் அலுத்துக்கொள்வது உண்டு.

படித்த படிப்பு வேலைக்கு உதவவில்லை என்றால் அது வீணா? வேலையில் வயதோடு சேர்ந்த அறிவுக்கு மதிப்பே கிடையாதா?

இந்த இரண்டு கேள்விக்கும் விடை தேடி எங்கும் போக வேண்டாம். செம்பூரைத் தாண்டி, மான்குர்டுக்குத் தெற்கே தெரிகிற டிராம்பே குன்றின் அடிவாரத்துக்குப் போனால் போதும். அங்கே வேலை கற்ற ஒரு என்ஜினீயரின் வாழ்க்கையே பதில் சொல்கிறது.

பெங்களூரில் பிறந்தவர்

அவர் பெயர் எம்.ஆர்.சீனிவாசன். 1930-ம் ஆண்டு ஜனவரி 5-ந்தேதி பெங்களூரில் பிறந்தவர். உடன் பிறந்தவர்களோடு சேர்த்து வீட்டில் 8 பிள்ளைகள். இவர் மூன்றாவது.

மாணவப் பருவத்தில் இவருக்கு ஆசை இயற்பியல் மீது. ஆனால் சேர்ந்தது என்ஜினீயரிங் கல்லூரியில். அது புகழ்பெற்ற என்ஜினீயர் விசுவேசுவரய்யா 1917-ல் பெங்களூரில் தொடங்கிய கல்லூரி. 1950-ல் மெக்கானிக்கல் என்ஜினீயரிங் பட்டம் பெற்றார்.

பிறகு கனடா நாட்டுக்குப் போனார். மாண்ட்ரீல் நகரில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1952-ல் முதுநிலைப் பட்டமும், 1954-ல் டாக்டர் பட்டமும் வாங்கினார்.

அவர் ஆராய்ந்த துறை எது தெரியுமா? கியாஸ் டர்பைன். எரிந்த வாயுவின் வேகத்தால் சக்கரத்தைச் சுழற்றும் எந்திரம். ஜெட் விமானத்தின் உயிர்நாடி அதுதான்.

அப்படிப் படித்தவர் கடைசி வரை செய்த வேலை என்ன? அணுமின் நிலையம் கட்டும் வேலை!

ஆசைப்பட்டது ஒன்று, படித்தது ஒன்று, பார்த்த வேலை இன்னொன்று. 90 அடி சாலை அண்ணாச்சி இதைக் கேட்டால் சற்று ஆறுதல் அடைவார்.

தலைகீழ் கதை

சீனிவாசன் வந்து சேர்ந்தது டாக்டர் ஹோமி பாபாவிடம். பாபாவின் கதை இதற்கு நேர் தலைகீழ்.

பாபா மும்பையில் பிறந்தவர். மகன் என்ஜினீயரிங் படித்து ஜாம்ஷெட்பூர் இரும்பு ஆலையில் சேர வேண்டும் என்பது குடும்பத்தின் விருப்பம். அதற்காகவே கேம்பிரிட்ஜ் போய் மெக்கானிக்கல் என்ஜினீயரிங் படித்தார். 1930-ல் முதல் வகுப்பில் தேறினார். குடும்பத்தின் ஆசையை நிறைவேற்றிய பிறகு, தமக்குப் பிடித்த இயற்பியலுக்குத் திரும்பினார். உலகம் போற்றும் விஞ்ஞானி ஆனார்.

என்ஜினீயரிங் படித்து விஞ்ஞானி ஆனவர் ஒருவர். விஞ்ஞானத்தில் ஆசை வைத்து என்ஜினீயர் ஆனவர் மற்றவர். இருவரையும் ஒரே வேலையில் சேர்த்து வைத்தது டிராம்பே.

முதல் அணு உலை

1955-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் சீனிவாசன் அணுசக்தித் துறையில் சேர்ந்தார். வயது 25.

அந்த நேரத்தில் நாட்டின் முதல் அணு உலைக்கான வேலை சூடு பிடித்திருந்தது. அதுதான் "அப்சரா". தண்ணீர்த் தொட்டிக்குள் எரிபொருளை வைத்து இயக்கும் வகையைச் சேர்ந்தது. எரிபொருள் இங்கிலாந்திலிருந்து வந்தது. உலையை வடிவமைத்துக் கட்டியது நம்மவர்கள்.

அவர்களில் யாரும் அதற்கு முன் அணு உலை கட்டியவர்கள் அல்ல. நம் நாட்டில் பார்த்துக் கற்றுக்கொள்ளவும் ஒன்று கிடையாது. செய்து கொண்டே கற்றார்கள். கற்றுக்கொண்டே செய்தார்கள்.

1956-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந்தேதி "அப்சரா" இயங்கத் தொடங்கியது. வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு கூட நிறையாத இளைஞர் சீனிவாசனுக்கு அதுவே முதல் பள்ளிக்கூடம் ஆயிற்று. தண்ணீருக்குள் தெரிந்த நீல ஒளியைக் கண்டு, அதற்கு "அப்சரா" என்று பெயர் சூட்டியவர் பிரதமர் நேரு.

பட்டம் போதாது

பட்டத்தை மட்டும் நம்பி இந்த வேலையைச் செய்ய முடியாது என்பதை பாபா அறிந்திருந்தார். அதனால் 1957-ல் டிராம்பேயில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

கல்லூரியில் தேறி வந்த என்ஜினீயர்களும், இயற்பியல், ரசாயனப் பட்டதாரிகளும் ஓராண்டு அங்கே படிக்க வேண்டும். என்ஜினீயருக்கு இயற்பியல் சொல்லித் தரப்படும். இயற்பியல்காரருக்கு எந்திர வேலை காட்டித் தரப்படும். படிக்கும்போதே உதவித்தொகை உண்டு. அதன் பிறகே வேலை.

அதாவது, "நீ என்ன படித்தாய் என்பது உள்ளே வருவதற்கான சீட்டு. இனிமேல்தான் படிப்பு" என்பது அந்தப் பள்ளியின் கொள்கை. இன்றைக்கும் அந்தப் பள்ளி நடந்து வருகிறது.

சாவி வாங்கிய நிலையம்

1959-ல் முதல் அணுமின் நிலையத்துக்கான தலைமைத் திட்ட என்ஜினீயராக சீனிவாசன் நியமிக்கப்பட்டார். அப்போது வயது 29.

அந்த நிலையம் தாராப்பூரில் அமைந்தது. நம் ஊர் தாராபுரம் அல்ல, மும்பைக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் கடலோரத்தில் இருக்கும் தாராப்பூர்.

கட்டும் பொறுப்பு அமெரிக்கக் கம்பெனியான ஜெனரல் எலெக்ட்ரிக்கிடம் 1964-ல் ஒப்படைக்கப்பட்டது. வீட்டைக் கட்டி முடித்துச் சாவியைக் கையில் கொடுப்பதுபோல், நிலையத்தை முழுமையாகக் கட்டித் தரும் ஒப்பந்தம். 1969 அக்டோபரில் மின் உற்பத்தி முறையாகத் தொடங்கியது.

சாவி வந்தது. ஆனால் சுவர் எழுப்பிய அனுபவம் முழுவதும் சாவியோடு வந்துவிடுமா? பார்த்துக் கற்றதற்கும் செய்து கற்றதற்கும் உள்ள வித்தியாசம் அடுத்த சில ஆண்டுகளில் தெரிந்தது.

கனடா கைவிட்டது

ராஜஸ்தானில் கோட்டா அருகே ராவத்பாட்டாவில் 2 அணு உலைகள் கட்ட கனடா உதவி செய்து வந்தது. முதல் உலை 1973 டிசம்பரில் முறையான உற்பத்திக்கு வந்தது. இரண்டாவது உலை பாதியில் நின்றது.

1974-ம் ஆண்டு மே 18-ந்தேதி பொக்ரானில் இந்தியா அணுகுண்டு சோதனை நடத்தியது. கனடா கோபம் கொண்டது. உதவியை நிறுத்தியது. அதன் என்ஜினீயர்கள் போனார்கள். வர வேண்டிய உதிரிப் பொருட்களும் வரவில்லை.

அதே 1974-ல் தான் அணுமின் திட்டங்களின் என்ஜினீயரிங் பிரிவுக்கு சீனிவாசன் டைரக்டர் ஆனார். தாம் டாக்டர் பட்டம் பெற்ற நாடு கதவைச் சாத்திய வேளையில், பாதியில் நின்ற வேலை முழுவதும் அவர் தலையில் வந்து இறங்கியது.

இந்த வகை உலையில் எரிபொருள் இயற்கை யுரேனியம். அணுப் பிளவில் தெறிக்கும் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கவும், வெப்பத்தை எடுத்துச் செல்லவும் கனநீர் வேண்டும். அது நாம் குடிக்கும் தண்ணீர் அல்ல. பிரித்தெடுக்கப் பெரும் செலவு பிடிக்கும் தனி வகைத் தண்ணீர். ஒரு சொட்டு கசிந்தாலும் நஷ்டம். எனவே நூற்றுக்கணக்கான குழாய்களும் இணைப்புகளும் அத்தனை கச்சிதமாக இருக்க வேண்டும்.

வரைபடங்கள் கையில் இருந்தன. ஆனால் வரைபடம் அளவைத்தான் சொல்லும். இரும்பு எந்தச் சூட்டில் வளையும், எந்தச் சூட்டில் விரியும், எந்த இடத்தில் கையை மெதுவாக்க வேண்டும் என்பதைச் சொல்லாது. செம்பூரிலோ பவாயிலோ பட்டறையில் வேலை செய்த எந்த வெல்டரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

நாட்டின் பட்டறைகள் பல இந்த வேலைக்குத் தயார் செய்யப்பட்டன. மும்பை பவாயில் உள்ள எல் அண்ட் டி பட்டறை அவற்றில் ஒன்று. அதுவரை செய்து பழகாத நுட்பத்தில், அணு உலைக்கான பெரிய பாத்திரங்களைத் தொழிலாளர்கள் செய்து கற்றார்கள்.

காலம் பிடித்தது. ராஜஸ்தானின் இரண்டாவது உலை 1981 ஏப்ரலில்தான் முறையான உற்பத்திக்கு வந்தது. ஆனால் வந்தது!

கல்பாக்கம்

அடுத்தது நம் கல்பாக்கம். அந்தத் திட்டத்துக்கு 1967-ல் தலைமைத் திட்ட என்ஜினீயராக நியமிக்கப்பட்டவரும் சீனிவாசன்தான்.

கல்பாக்கத்தின் முதல் உலை 1983 ஜூலையில் இயங்கத் தொடங்கியது. வெளிநாட்டார் வந்து நின்று கட்டித் தராமல், நம் என்ஜினீயர்களும் தொழிலாளர்களும் எழுப்பிய முதல் அணுமின் நிலையம் அது.

திட்டத்தில் அமர்ந்தபோது சீனிவாசனுக்கு வயது 37. உலை ஓடியபோது 53. ஒரு வேலை முடிவதைக் காண 16 ஆண்டு! முதல் மாதச் சம்பளம் வாங்கியதுமே "எப்போது பெரிய ஆள் ஆவேன்?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும்.

தவறு தந்த பாடம்

எல்லாம் வெற்றிதானா? இல்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1985 ஆகஸ்டில் டிராம்பேயில் "துருவா" என்ற ஆராய்ச்சி உலை தொடங்கப்பட்டது. நம்மவர்களே வடிவமைத்தது. தொடங்கிய பின் எரிபொருள் தண்டுகள் அதிர ஆரம்பித்தன. முழுச் சக்தியில் ஓட்ட முடியவில்லை. காரணத்தைத் தேடி, கண்டுபிடித்து, சரி செய்து, முழுச் சக்திக்குக் கொண்டு வர 1988 ஆகிவிட்டது.

1980-களின் கடைசியில் கல்பாக்கத்திலும் சோதனை வந்தது. உலைக்குள் கனநீர் நுழையும் இடத்தில் இருந்த பாகம் இரண்டு உலைகளிலும் உடைந்தது. நீர் செல்லும் பாதையை மாற்றி, உற்பத்தியைக் குறைத்து ஓட்ட வேண்டியதாயிற்று. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் குழாய்களை மாற்றியபோதுதான் புதிய அமைப்பைப் பொருத்திப் பழைய அளவுக்குக் கொண்டு வந்தார்கள்.

அணுமின்சாரம் வேண்டுமா, வேண்டாமா என்பது தனி விவாதம். அதற்கு ஆதரவும் உண்டு, எதிர்ப்பும் உண்டு. நாம் இங்கே பார்ப்பது வேறு. எந்தப் பாகம் எதனால் அதிரும் என்ற அறிவு எந்தப் பரீட்சையிலும் கிடைத்ததல்ல. உடைந்த பாகத்தின் முன் நின்று, "எங்கே தவறினோம்?" என்று தங்களையே கேட்டவர்களுக்குக் கிடைத்தது.

வயதாவதால் மட்டும் அறிவு வந்துவிடாது. தவறை ஒப்புக்கொண்டு திருத்தியவனுக்குத்தான் வயது ஆசிரியர் ஆகிறது. மற்றவனுக்கு நரை மட்டும்தான் மிச்சம்.

பம்பாயில் ஒரு நேர்முகத் தேர்வு

இந்த இடத்தில் நம் ராமேசுவரத்து அப்துல் கலாமையும் நினைக்க வேண்டும். அவர் வாழ்க்கையின் திருப்பமும் இதே மும்பையில்தான் நடந்தது.

கலாம் முதலில் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார். படித்து முடிக்கும் நேரத்தில்தான், தாம் என்ஜினீயரிங் போயிருக்க வேண்டும் என்று உணர்ந்தார். பிறகு சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமான என்ஜினீயரிங் சேர்ந்தார். அந்தக் கட்டணத்துக்காக அவருடைய அக்காள் நகைகளை அடகு வைத்த கதை தமிழர் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும்.

1962-ல் ராக்கெட் என்ஜினீயர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு பம்பாய்க்கு அழைக்கப்பட்டார். தேர்வு செய்தவர்களில் ஒருவர் விக்ரம் சாராபாய். கலாம் அதுவரை ராக்கெட் செய்தவர் அல்ல. அவர் ஏற்கனவே கற்று வைத்திருந்ததை சாராபாய் சோதிக்கவில்லை. இனி அவரால் என்னவெல்லாம் முடியும் என்பதைத்தான் துருவினார் என்று கலாம் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

வேலை கிடைத்தது. கொலாபாவில் உள்ள டாடா ஆராய்ச்சி நிலையத்தின் கம்ப்யூட்டர் மையத்தில்தான் முதல் பயிற்சி. 1979-ல் அவர் தலைமையில் ஏவிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்ததும், 1980 ஜூலை 18-ந்தேதி அதே வகை ராக்கெட் வெற்றி பெற்றதும் நாடு அறிந்த வரலாறு.

எழுதி வைத்தார்

மீண்டும் சீனிவாசனிடம் வருவோம். 1987-ல் அணுசக்தி கமிஷனின் தலைவர் ஆனார். அதே ஆண்டு தொடங்கப்பட்ட இந்திய அணுமின் கழகத்துக்கும் அவரே முதல் தலைவர். 1990-ல் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார்.

ஓய்வு பெற்றதும் சாய்வு நாற்காலியில் சாய்ந்து விடவில்லை. வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி நிறுவனத்தில் ஆலோசகராகப் பணியாற்றினார். 1996 முதல் 1998 வரை திட்டக் கமிஷன் உறுப்பினராக இருந்தார். ஊட்டியில் குடியேறி, பத்திரிகைகளில் எழுதி வந்தார். 2002-ல் தம் அனுபவங்களை ஆங்கிலத்தில் முழுப் புத்தகமாக எழுதினார். அப்போது வயது 72.

அவர் படித்த கல்லூரியைத் தொடங்கிய விசுவேசுவரய்யாவும் அப்படித்தான். 1884-ல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் வேலைக்குச் சேர்ந்து, புனே அருகே கடக்வாஸ்லா அணையில் தாமாகத் திறந்து மூடும் மதகுகளை அமைத்தவர் அவர். தம் வேலை அனுபவங்களைப் புத்தகமாக 1951-ல் வெளியிட்டார். வயது 90!

தலையில் இருப்பதை அடுத்த தலைமுறை கையில் சேர்க்காமல் போகக் கூடாது என்ற எண்ணம் இருவருக்கும் இருந்தது.

சீனிவாசனுக்கு 2015-ல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. 2025-ம் ஆண்டு மே 20-ந்தேதி ஊட்டியில் 95-வது வயதில் அவர் காலமானார்.

அவர் காலத்தில் 220 மெகாவாட் அளவில் கட்டிப் பழகிய உலை, அடுத்து வந்தவர்கள் கையில் வளர்ந்தது. தாராப்பூரில் 540 மெகாவாட் உலைகள் 2005, 2006-ல் உற்பத்திக்கு வந்தன. குஜராத்தில் காக்ரபாரில் 700 மெகாவாட் உலை 2023-ல் முறையான உற்பத்தியைத் தொடங்கியது. ஒரு தலைமுறை தட்டுத் தடுமாறிக் கற்றதை, அடுத்த தலைமுறை கையில் வாங்கிக்கொண்டு மேலே போயிற்று.

நம் வீட்டு நிபுணர்கள்

இது பெரிய மனிதர் கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம்.

தாராவியில் தோலைத் தொட்ட மாத்திரத்தில் அது எந்தப் பதத்தில் இருக்கிறது என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. எந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்தது என்று சொல்லும் பிட்டர்கள் உண்டு. ஒரு பைலைப் புரட்டிய உடனே எந்தத் தாளில் தவறு என்று விரல் வைக்கும் தலைமை கிளார்க்குகள் மாதுங்காவில் உண்டு.

இவர்களுக்குப் பட்டம் இல்லாமல் இருக்கலாம். அறிவு இல்லை என்று யார் சொல்வது?

வருத்தம் என்னவென்றால், அந்த அறிவு ஓய்வு பெறும் நாளில் மாலை, சால்வையோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. ஊருக்கு ரெயில் ஏறிவிடுகிறது. பட்டறைக்கும் இல்லை, பிள்ளைக்கும் இல்லை.

ஆகவே அனுபவசாலிகளுக்கு ஒரு வேண்டுகோள். 20 ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். தமிழிலேயே எழுதுங்கள். நீங்கள் செய்த வேலை, செய்த தவறு, அதைத் திருத்திய விதம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். எழுத வராதவர்கள் பேரனைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லுங்கள். அவன் கைப்பேசியில் பதிவு செய்து கொள்வான்.

அனுபவத்தால் தொழில் கற்றவர்களைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் உண்டு. பட்டம் இல்லாத கைத்தொழிலாளிகள் அதைக் கேட்டு விசாரிப்பது நல்லது. கையில் இருக்கும் தொழிலுக்கு ஒரு தாள் கிடைத்தால் கூலி பேசும்போது உதவும்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். படித்த பாடத்தில் வேலை கிடைக்கவில்லையே என்று மனம் உடையாதீர்கள். கியாஸ் டர்பைன் படித்தவர் அணு உலை கட்டினார். ஆனால் அவர் கிடைத்த வேலையைப் புதுப் பாடமாக எடுத்துப் படித்தார். 16 ஆண்டு ஒரே திட்டம் நிறைவேறக் காத்திருந்தார். அந்தப் பொறுமை இல்லாமல் "எனக்கும் வேறு வேலைதான் கிடைத்தது" என்று சொல்வதில் பொருள் இல்லை.

90 அடி சாலை அண்ணாச்சிக்கு நாம் சொல்லும் பதில் இதுதான்:

"அண்ணாச்சி, மகன் படிப்பு ஆற்றில் போகவில்லை. நாலு வருஷம் அவன் கற்றது, எப்படிக் கற்றுக்கொள்வது என்பதை. இனிமேல்தான் அவனுக்குப் படிப்பு ஆரம்பம். நீங்கள் முப்பது வருஷம் பட்டறையில் கற்றது இருக்கிறதே, அதை இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அவனிடம் கொஞ்சம் சொல்லிப் பாருங்கள். எந்தக் கல்லூரியிலும் கிடைக்காத பாடம் அது!"